படத்தில் தெரியாத மனைவி

கோலா சாவாவிலிருந்து சிரம்பான் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "என் மக ஒரு நாள் முந்திப் பொறந்திருந்தா இந்த அபராதச் சம்மன் நிக்காதுண்ணே."

அவருடைய கார் சிவப்பு விளக்கைத் தாண்டுவதைக் கேமரா எடுத்திருந்தது. அந்தப் படத்தை நண்பர் வாங்கிப் பார்த்தார்.

"பொண்டாட்டிக்கு வலி, ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு டிராபிக் போலீஸ் ஆபீஸ்ல சொன்னேன். பிள்ளை மறுநாள்தானே பொறந்துச்சு, அப்புறம் என்ன அவசரம்னு கேக்குறாங்க லா. அது எனக்கு முன்னாடியே எப்படித் தெரியும்? ரத்து பண்ணச் சொல்லி மறுபடி கேக்கத்தான் போறேன்."

"படத்துல அவளையே காணோமே?"

"பின் சீட்டுல சாஞ்சு கிடந்தா."

"தனியா போயிட்டு இப்பப் பிள்ளைய இழுக்குறியா?"

"பாமாயில் லாரிங்க தினமும் சிவப்புல பறக்குது. அதையெல்லாம் விட்டுட்டு என்னைப் புடிச்சிருக்கு. நீங்க என்னையே சந்தேகப்படுறீங்க!"

இளைஞர் கைப்பேசியில் மனைவியை அழைத்து, நண்பருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

"அன்னைக்கு நீ கார்ல இருந்தியா இல்லையா, அண்ணன்கிட்டச் சொல்லு."

குழந்தையின் அழுகைக்கு நடுவே அந்தப் பெண்ணின் குரல் பேருந்துக்கே கேட்டது.

"இல்லாம எங்க போனேன்? அவ்வளவு வலியிலயும், சிவப்பு விழுந்துடுச்சு, நில்லுங்கன்னு கத்துனேனே! கேட்டீங்களா?"

நண்பர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப நம்புறேன்டா. ஆனா அங்க போய் நீயே பேசு. இவளைப் பேச விட்டுடாத."