சாமான் அறையின் தாழ்ப்பாள்

உங்கள் அறை மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறது, டாக்டர். மேலே கொக்கியில் திருகு தளர்ந்திருக்கும். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. ஓய்வு பெறும்வரை காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேதம் பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு. எரிந்த கிடங்குக்குள் நான் நுழைந்தால் சாம்பலே எழுந்து நின்று, "ஐயா, அந்த மூலை ஒயர்தான்" என்று சொல்லிவிடும். சேதம் இருந்தால் காரணம் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே சாஸ்திரம் அதுதான்.

என் மனைவியை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டிருக்கிறீர்கள். புரிகிறது. சொல்லிவிடுகிறேன்.

அவள் ஒருத்தி அல்ல என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டாள். "உள்ள நாங்க மூணு பேரு. பெரியவ வீட்டப் பாத்துக்குவா. வாயாடி ஊரப் பாத்துக்குவா. ஊமச்சிக்கு உங்கள அவ்வளவா பிடிக்கல, ஆனா போகப்போகப் பழகிடுவா." ஒரே சம்பளத்தில் மூன்று மனைவி என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டேன். அவளுடைய தையல் கடையில் பெரியவள் துணி வெட்டுவாள், வாயாடி வாடிக்கையாளர்களைச் சமாளிப்பாள், ஊமைச்சி வாய் திறக்காமல் பட்டன் தைப்பாள். என் பழைய சட்டைகளெல்லாம் நைந்து மறைந்துவிட்டன, ஊமைச்சி தைத்த பட்டன்கள் மட்டும் இன்னும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

நினைவு தெரிந்த நாளிலிருந்தே அவள் இப்படித்தான். மாமனார் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். தினமும் காலையில் போன் செய்வார்.

"இன்னைக்கு வண்டிய யாரும்மா ஓட்டுறது?"

"வாயாடிதாம்ப்பா. பெரியவ டிக்கெட் குடுக்குறா."

"பிரேக்கு புடிக்குதா?"

"உங்க மாப்பிள்ளையப் பாத்தா மட்டும் புடிக்குது."

இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் என் காப்பி ஆறி, மேலே ஆடை கட்டி, ஒரு பூனை நடந்து போகும் அளவுக்கு உறைந்துவிடும். வேலைக்குப் போன காலத்தில் அது என் காதில் விழுந்ததில்லை. வீட்டில் உட்கார்ந்த பிறகு தினமும் விழுந்தது.

அப்போதுதான் அவளை உங்களிடம் முதல் தடவை கூட்டிவந்தேன். மூவரிடமும் பேசினீர்கள். வாயாடி உங்கள் கோட்டின் கைநீளம் சரியில்லை என்று குறை சொன்னாள். பிறகு என்னிடம், "சிலருக்கு இயல்பாவே இப்படித்தான். அடி, பயம்னு ஏதாவது நடந்திருக்கணும்னு இல்ல. மூணு பேரும் ஒத்துமையா, சந்தோஷமா இருக்காங்க. உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?" என்றீர்கள்.

"காயம் படாம எப்படி மூணா உடையும்?" என்று கேட்டேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "உடையலையே சார். மூணாவே முளைச்சிருக்கு."

காரணம் எழுதாமல் நான் எந்த வழக்கையும் மூடியதில்லை. அதனால் வீட்டில் விசாரணையைத் தொடங்கினேன். அதட்டல் உருட்டல் கிடையாது. பதிலைக் கேள்விக்குள்ளேயே மடித்து வைத்துக் கொடுத்துவிட வேண்டும். எதிரே இருப்பவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, தானே கண்டெடுத்ததாக நினைத்துக்கொள்வார். இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆளில்லை.

"நீங்க மொதல்ல இருந்த வீட்டுல, அந்த சாமான் ரூம்ல லைட் இருந்துச்சா?" என்றேன், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"எந்த சாமான் ரூம்?"

சில நாள் கழித்து, "தாழ்ப்பா வெளிப்பக்கம் இருந்துச்சோ?" என்றேன். வாயாடி கண்ணை உருட்டினாள். "ஐயா துப்புத் துலக்குறாரு, எல்லாரும் ஒதுங்கி நில்லுங்க." நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு அவசரமில்லை. பெரியவள் யோசிக்க ஆரம்பித்திருந்தாள். மழைக்காலம் முடிவதற்குள் அந்த அறையின் வாசனையைச் சொன்னாள். பழைய சாக்கு வாசனை. பிறகு கதவிடுக்கில் தெரிந்த கால்கள். காக்கிக் கால்சட்டை. அந்த நிறத்தை நான் எடுத்துக் கொடுக்கவில்லை, டாக்டர். அவளாகவே சொன்னாள்.

அப்பாவிடமே போனில் கேட்டாள். "நம்ம வீட்டுல ஏதும்மா சாமான் ரூமு? சாமானே இல்லையே" என்று அவர் சிரித்தார். போனை வைத்தவளிடம், "செஞ்சவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை. மாமனார் பேருந்து மாறி மாறி வந்து எங்கள் வாசலில் நின்றார். "வண்டிய யாரும்மா ஓட்டுறது?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார். உள்ளேயிருந்து ஒருத்தியும் பதில் சொல்லவில்லை. நான்தான் வெளியே போய், "இப்போ வேணாம் மாமா" என்று சொல்லி, கைத்தாங்கலாக நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

வாயாடியின் குரலை அன்றிலிருந்து கேட்கவில்லை. ஊமைச்சி பட்டன் பெட்டியைத் தொடுவதில்லை. மிச்சமிருப்பவள் கதவு சாத்திய இடத்தில் உட்காரமாட்டாள், குளிக்கும்போதுகூடத் திறந்துதான் வைக்கிறாள். மற்றபடி காலையில் வீடு அமைதியாக இருக்கிறது. காப்பி சூடாகக் கிடைக்கிறது.

அந்த அறை நிஜமாகவே இருந்ததா என்றுதானே கேட்டீர்கள். அவள் பள்ளிக்கூடம் சேரும் முன்பே இடித்துவிட்ட வாடகை வீடு அது. இருந்தது ஒரே அறை. ஒரே கதவு, அதுவும் சரியாகச் சாத்தாது என்று மாமனாரே என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். சாமான் அறையை ஒரு செங்கல்கூட இல்லாமல் கட்டி, தாழ்ப்பாளும் போட்டவன் நான்.

இதை அவளிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன், என்ன அவசரம். அதற்கு முன் நீங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் அன்று சொன்னதற்குச் சிரித்தீர்களே. வெளியே போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் டாக்டர், காயம் இருக்கிறதா, இல்லையா?