இன்னும் தகவல் வரவில்லை

மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். லிஃப்ட் பழுதுபார்க்கிறவனுக்கு வேறெப்படி இருக்கும் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். இந்த அறை கீழ்த்தளத்தில் இருப்பது நல்லதாகப் போயிற்று. மொழிபெயர்க்கும் அம்மாவுக்குச் சிரமம் இல்லாமல் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டுவார்கள், கத்துவார்கள். வெளியில் இருந்தபடி, பயப்படாதீர்கள், நான் வந்துவிட்டேன் என்பேன். குரல் கேட்டதும் அடங்கிவிடுவார்கள். கதவைத் திறந்தால் முன்பின் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பெரிய கம்பெனி முதலாளி ஒருவர் என் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறார். மறுநாள் அதே வாசலில் அவர் என்னை யாரோ என்று தாண்டிப் போனார். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ. அதில் எனக்குக் கோபம் இல்லை. மனிதர்கள் அப்படித்தான் என்று தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

என் மனைவி ஊரில் கண்ணாடிக் கடையில் வேலை செய்தாள். மூக்கில் கண்ணாடி சரியாக உட்காரும்படி சட்டத்தை வளைத்துக் கொடுக்கிற வேலை. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். கல்யாணம் முடிந்து நான் மட்டும் இங்கே திரும்பினேன். அவளுக்கு விசா வர வேண்டும். அதற்கு எங்கள் கல்யாணம் உண்மையானது என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும். தாலி கட்டினவனுக்குத் தெரியாதா என்று என் மாமனார் கேட்டார். சர்க்காருக்குத் தெரிய வேண்டும் மாமா என்றேன். சேர்ந்து எடுத்த படங்கள், பேசிய அழைப்புகள் எல்லாவற்றையும் சேகரித்தேன். தூதரகத்தில் என்ன கேட்பார்கள் என்று ஃபோனிலேயே அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன்.

"உங்க வீட்டுக்காரர் எந்தப் பக்கம் படுப்பார்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"எந்தப் பக்கம் படுத்தாலும் குறட்டை ஒண்ணுதான்னு சொல்றேன். அதைவிட வேற என்ன ஆதாரம் வேணுமாம் அவங்களுக்கு?"

இப்படித்தான் பேசுவாள். ஆனால் ஒவ்வொரு நாளும் பேச்சு முடிகிற நேரத்தில் குரல் தாழ்ந்துவிடும். "என்னங்க, ஏதாவது தெரிஞ்சுதா?" என்பாள். இன்னும் தகவல் வரவில்லை என்பேன். "உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்பாள். அந்தக் காத்திருப்பு கொடுமை என்று எல்லாரும் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். நானும் ஆமாம் என்றேன். உண்மையில் என் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் இருந்ததில்லை.

விசா வந்தது. அவளும் வந்தாள். வந்த புதிதில் சாலையைக் கடக்கக்கூட என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். குளிர் போவதற்குள் பாஷையைப் பிடித்துக்கொண்டாள். இங்கேயும் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்தது. கடை நடத்துகிற அம்மாளுக்கு அவளைக் கண்டால் உயிர். எந்த பஸ் எங்கே போகும் என்று எனக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். ஒருநாள் ஒரு மருந்துக் கடையில் நான் தப்பாகச் சொன்ன வார்த்தையைத் திருத்திவிட்டு, கல்லாவில் இருந்த பெண்ணோடு சேர்ந்து சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அவளுக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கிடைத்தது தற்காலிக விசாதான். நிரந்தரமாகத் தங்க இரண்டு பேருமாகச் சேர்ந்து மறுபடி விண்ணப்பித்தோம். ஒரே மேஜைக்கு முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். அவள்தான் பதில் சொன்னாள். என் சட்டை அளவு, என் அம்மா இறந்த நோய், எனக்குப் பிடிக்காத நிறம். அதிகாரி சிரித்துக்கொண்டே எங்களை அனுப்பிவைத்தார்.

முடிவு என் ஃபோனுக்கு வந்தது. அப்போது நான் ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி அவள் தன் பெயரில் இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம். அதற்கெல்லாம் நான் தேவையில்லை. ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு மீதி வடத்துக்கும் எண்ணெய் போட்டேன். பாதியில் விட்டால் துருப்பிடிக்கும்.

வீட்டுக்குப் போனதும், "என்னங்க, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டாள். அந்தப் பழைய குரல். எத்தனை காலம் கழித்துக் கேட்கிறேன். இன்னும் தகவல் வரவில்லை என்றேன். அதில் திட்டம் ஏதும் இல்லை. வாயில் வந்தது.

அடுத்த வாரம், மறுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் என் மார்பில் விழுந்து அழுதாள். "இப்ப நான் என்னங்க செய்யறது?" என்றாள். வக்கீல் பார்த்து மேல்முறையீடு செய்திருக்கிறேன், முடியும்வரை யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும், பிடித்தால் அப்படியே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்றேன். வக்கீல் என்று யாரும் இல்லை. கடையில் இருந்து அன்றைக்கே நின்றுகொண்டாள். ஃபோன் வைத்திருந்தால் ஆள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொன்னதும், தானே சிம்மைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கடைக்கார அம்மாள் ஒருநாள் வீடு தேடி வந்தார். அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனபிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றாள்.

கீழ்வீட்டுக்காரருக்குக் காலடி கேட்கக்கூடாது என்று காலுறை போட்டு நடக்கப் பழகினாள். குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறப்பாள். வாயாடி என்று பெயரெடுத்தவள் கண்ணாலேயே பேசக் கற்றுக்கொண்டாள். நான் ஒன்றையும் கட்டாயப்படுத்தவில்லை. கதவை வெளியிலிருந்து பூட்டியதும் இல்லை. நீங்களே பார்த்தீர்கள், உள்ளிருந்து சாவி இல்லாமலே திறக்கிற பூட்டுதான் அது.

என் மாமனார் தவறிப்போனார். அவளுடைய அக்கா ஃபோனில் கதறினாள். என் ஃபோன்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "வந்து ஒருதடவை முகத்தைப் பாருடி, அப்பா உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தார்." என் மனைவி என்னைப் பார்த்தாள். போனால் திரும்ப முடியாது என்று மெதுவாகச் சொன்னேன். "வேலையில லீவு கிடைக்கலக்கா" என்று அவளே பொய் சொன்னாள். அக்கா காறித் துப்பாத குறையாக ஃபோனை வைத்துவிட்டாள். சடங்கை ஃபோனில் பார்த்தோம். முடிகிறவரை அவள் கையை நான் விடவே இல்லை. எத்தனை கணவன்மார் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்?

அம்மா, நீங்கள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டீர்கள். தண்ணீர் குடியுங்கள். காத்திருக்கிறேன்.

வயிற்றுவலி போன வாரம் தொடங்கியது. வலதுபக்கம், அடிவயிற்றில். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், மாத்திரை வாங்கிவந்தேன். கஞ்சி வைத்து ஊட்டினேன். நிமிர்ந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டாக்டரிடம் போகலாமா என்று நான் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. அவள்தான், "வேண்டாங்க, அங்க விசா அட்டை கேப்பாங்க. என்னால உங்களுக்கும் ஆபத்து" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. அவள் சின்னக் குழந்தை இல்லை, அவள் எடுக்கிற முடிவை மதிக்க வேண்டும்.

ஒரு காலையில் வலி விட்டுவிட்டது என்று சிரித்தாள். அன்று மாலையே காய்ச்சல் அடித்தது. வயிறு பலகைபோல இறுகிவிட்டது. குடல்வால் வெடித்திருக்கிறது என்று உங்கள் டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு அப்போது அது தெரியாது. நிலைமை நல்லதில்லை என்று மட்டும் தெரியும். விடிந்ததும், "இன்னிக்கு ஒருநாள் லீவு போடுங்களேன்" என்றாள். என்னிடம் அவள் ஒன்று வேண்டும் என்று கேட்டு நெடுநாளாயிற்று. பக்கத்தில் தண்ணீர் வைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டேன். சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அன்று ஒரு லிஃப்டில் கதவு சென்சாரை மாற்றினேன். வேலை சுத்தமாக முடிந்தது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்து சாவியைப் போட்டேன். கதவு முழுதாகத் திறக்கவில்லை. அவள் கதவை ஒட்டி உள்ளே விழுந்து கிடந்தாள், உடம்பு சில்லிட்டிருந்தது. படுக்கையில் இருந்து அதுவரை தவழ்ந்து வந்திருக்கிறாள். கதவின் கைப்பிடி எட்டுகிற தூரம்தான். திறக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்து வைத்திருந்தாள். முனகல் கீழ்வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று. கீழ்வீட்டுக்காரர் பகல் முழுக்க வீட்டில்தான் இருந்தாராம். ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் நல்ல மனிதர், பொய் சொல்லமாட்டார்.

துணியை எடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்து, தலையைச் சீவிவிட்டேன். அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

அனுமதி கிடைத்த விஷயம் எனக்குத் தெரியுமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும். முதல் நாளில் இருந்து தெரியும். அவளிடம் சொல்லாமல் மறைத்தது நான்தான், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அன்று காலையிலாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யோசிக்காமல் இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். பிழைத்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் அவளை அவ்வளவு நேசித்தேன். ஆனால் பிழைத்து எழுந்தபிறகு அவள் என்னோடு எதற்காக இருக்கப்போகிறாள், நீங்களே சொல்லுங்கள்.