நெவியோவுக்கு ஊர் சுற்றிக் காட்டிய நாள்

நல்ல காலணி இருந்தால் எங்கள் போலோன்யாவை ஒரே நாளில் பார்த்து முடித்துவிடலாம். தெருவோரமெல்லாம் தூண் வைத்த கூரை நடைபாதைகள்தான். வெயிலும் உறைக்காது, மழையும் நனைக்காது. உங்கள் மகன் நெவியோ அன்று புத்தம் புதிய தோல் காலணியில் வந்திருந்தான். அது என் தவறல்ல, மிரெல்லாம்மா.

நடந்ததை ஒன்று விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

நெவியோ ஆறு வருடமாக ஃபெராராவிலிருந்து ரயிலில் வந்து போய்ப் படித்தவன். நிலையத்திலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து நிலையம். இந்த ஊரில் எதையும் அவன் நின்று பார்த்ததில்லை. அந்த வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவன் தன் ஆய்வேட்டைப் பேராசிரியர்கள் முன் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பட்டம், தலையில் லாரல் இலை மாலை. ஞாயிற்றுக்கிழமை ராட்டர்டாமில் வேலைக்கு விமானம். ரயில் தாமதமாகிவிடுமோ என்ற பயத்தில் காலை எட்டு மணிக்கே வந்து இறங்கிவிட்டான். நீங்கள்தான் எனக்குப் போன் செய்தீர்கள்: "ஃபுல்வியோ, தனியா விட்டா நகத்தையே தின்னுருவான். சும்மா ஊரைச் சுத்திக் காட்டுப்பா."

நான் காட்டினேன்.

இங்கே மாணவர்களுக்குச் சில தடைகள் உண்டு. பட்டம் வாங்குமுன் பெரிய சதுக்கத்தின் நடுவே குறுக்காக நடக்கக் கூடாது. அசினெல்லி கோபுரத்தின் உச்சிக்கு ஏறவே கூடாது. ஏறியவனுக்குப் பட்டம் கிடைக்காது. உள்ளூரில் அறை எடுத்துத் தங்குபவனுக்கு இதை முதல் வாரமே யாராவது சொல்லிவிடுவார்கள். ரயிலில் வந்து போகிறவனுக்கு யார் சொல்வார்கள்? நானும் சொல்லவில்லை. அவன் கேட்கவில்லை. நான் பொறியியல் படிப்பவன், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

சதுக்கத்தில் அவனைக் குறுக்காகத்தான் அழைத்துப் போனேன். இரண்டு பக்கமும் சுற்றுவதைவிட மூலைவிட்டம் குறைவு என்பது பள்ளிப் பாடம். எதிரே செய்தித்தாள் கடைக்காரம்மா தலையை நீட்டினார்.

"தம்பிகளா, படிச்சு முடிச்சாச்சா?"

"இன்னைக்குச் சாயங்காலம் முடிஞ்சிரும்க்கா," என்றான் நெவியோ.

அவர் சட்டென்று கடையின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டார். கெட்டது விலக நாங்கள் இரும்பைத் தொடுவோம்.

"ஏன்டா அந்தம்மா அப்படிப் பாக்குது?"

"உன் டை நல்லா இருக்குடா," என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து நெப்டியூன் சிலை நிற்கும் நீரூற்று. தேர்வுக்கு முன் அதைக் கடிகார முள்ளுக்கு எதிராக இரண்டு முறை சுற்றினால் நல்லது என்பார்கள். நிழல் மறுபுறம் இருந்ததால், நாங்கள் முள் சுற்றும் திசையிலேயே சுற்றினோம்.

பிறகு, பேசும் வளைவு. நான்கு தூண்கள் தாங்கும் கவிகை மாடத்தில் ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக் கிசுகிசுத்தால், ஒலி வளைவைத் தடவிக்கொண்டே மேலேறி, எதிர்மூலையில் இறங்கும். நடுவே நிற்பவனுக்கு ஒன்றும் கேட்காது. நான் ஒரு மூலையில் நின்றேன், அவன் எதிர்மூலையில். சுவருக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"ஃபுல்வியோ, நேர்ல கேக்கக் கூச்சமா இருக்குடா. பன்னெண்டு வருஷமாச்சு. நீ எப்பத்தான் முடிப்ப? நம்ம கூட்டத்துல நான்தான் கடைசி. நானும் போயிட்டா மதியம் யார்கூடடா சாப்பிடுவ?"

ஒலி மிகத் தெளிவாகக் கேட்டது. அந்த மாடத்தைக் கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள்.

கோபுரத்தைப் பற்றி நான் யோசித்தது அதன் பிறகுதான். திட்டம் போட்டுச் செய்ததாக நீங்கள் சொல்வது நியாயமில்லை.

மதியம் மொர்தடெல்லா என்ற பன்றிக்கறித் துண்டு வைத்த ரொட்டியை நடந்துகொண்டே தின்றோம். ஒன்று இருபதுக்கு பெத்ரோனியோ பேராலயம். கூரையில் ஒரு சிறு துளை. தரையில் அறுபத்தேழு மீட்டர் நீளத்துக்கு ஒரு பித்தளைக் கோடு. துளை வழியே விழும் ஒளிவட்டம் தினமும் சூரியன் உச்சிக்கு வரும்போது அந்தக் கோட்டைக் கடக்கும். கோடையில் சூரியன் உயர நிற்பதால் வட்டம் துளைக்கு அருகே விழும். குளிர்காலத்தில் தூரப் போய்விடும். எந்தத் தேதி என்பதைக் கோட்டில் படித்துக்கொள்ளலாம். ஆலயம் முழுவதும் ஒரு நாள்காட்டி. நெவியோ வாய் பிளந்து நின்றான். "உன்ன மாதிரி சொல்லித்தர ஆளே இல்லடா," என்றான். அதையும் எழுதிவிடுகிறேன், எனக்குச் சாதகமானது என்பதால்.

மூன்று மணிக்குக் கோபுர வாசலில் நின்றோம்.

"இது வேணாம்டா. எனக்கு உயரம் ஆகாதுன்னு தெரியும்ல?"

தெரியும். மேல்தள வகுப்பில் அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. ஃபெராரா தட்டையான ஊர். அங்கே வளர்ந்தவனுக்கு உயரம் என்றால் சைக்கிள் இருக்கைதான்.

"ராட்டர்டாம்ல பாதிப் பேரு இருபதாவது மாடியிலதான் வேலை பாக்குறான். அங்க போய் என்ன பண்ணுவ?"

"மணி?"

"நிறைய இருக்கு. ஏற இருபது நிமிஷம், இறங்கப் பத்து."

இறங்குகிறவனுக்குத்தான் பத்து நிமிடம். இதை நான் சொல்லாமல் விட்டேன்.

நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படிகள், எல்லாம் மரம். ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்திருக்கும். எத்தனையோ பேருடைய பாதம் தேய்த்த குழி. புதுக் காலணியின் தோல் அடிப்பாகம் அதில் வழுக்கும். கோபுரம் இரண்டு மீட்டருக்கு மேல் சாய்ந்திருக்கிறது என்பதை அவனுக்கு முந்நூறாவது படியில் விளக்கினேன். எடைமையம் அடித்தளத்துக்குள் இருக்கும்வரை எதுவும் விழாது என்பதையும் விளக்கினேன். அவன் முதல் பகுதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான்.

உச்சியில் அவன் கம்பியைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை.

காவலர் கெஞ்சினார். ஒரு ஜெர்மன் பாட்டியம்மா அவனுக்கு மிட்டாய் கொடுத்தார். நான்கு மணிக்கு ஊரின் எல்லா மணிகளும் அடித்தன. அந்த உயரத்தில் அது மிக இனிமையாக இருக்கும் என்கிறார்கள். தேர்வு அறையில் அவன் பெயரை மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். ஐந்து இருபதுக்கு இரண்டு தீயணைப்பு வீரர்கள் அவனைப் பின்பக்கமாக, கண்ணை மூடவைத்து, படிப்படியாக இறக்கினார்கள். கீழே வந்து அவன் என்னிடம் ஒரு வார்த்தைதான் சொன்னான்: "நவம்பர்." அடுத்த தேர்வு நவம்பரில். ராட்டர்டாம்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுடைய கடிதத்தை அவன் எனக்குத்தான் முதலில் படித்துக் காட்டினான்.

ஆகவே, ஆம். அவனுக்கு உயரம் ஆகாது என்று தெரிந்தே, நேரத்தைக் கணக்கிட்டே, நான்தான் ஏற்றினேன். வெறும் மூடநம்பிக்கையை நம்பி ஒரு பொறியியல் மாணவன் காரியத்தில் இறங்க மாட்டான். ஆனால் இதில் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கு இன்னும் நான்கு மாதம் படிக்கக் கிடைத்திருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நான் இருக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள்: அவன் மேலே அலறியபோது நான் ஏன் பக்கத்தில் இல்லை என்று. நான் நானூற்றுத் தொண்ணூற்றேழாவது படியில் நின்றுகொண்டிருந்தேன். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரமும் அங்கேயே நின்று, அவன் காலணியைப் பார்த்தபடி ஆறுதல் சொன்னேன். பயமெல்லாம் இல்லை. அந்த ஒரு படியைப் பட்டம் வாங்கிய பிறகு ஏறலாம் என்றிருக்கிறேன். எனக்கு இன்னும் பதினோரு பாடங்கள்தான் பாக்கி.