தராசோட போன வெளிநாடு

இல்லம்மா, அந்த போர்டை நம்பிடாத. கமிஷன் கிடையாதுன்னு இவ்ளோ பெருசா எழுதி, சுத்திப் பூ வேற வரைஞ்சு வச்சிருக்கான் பாரு, அங்கதான் சூட்சுமமே இருக்கு. கமிஷன் வாங்க மாட்டான், வாஸ்தவம்தான். ரேட்லயே அடிச்சிருவான். வெளிநாட்டுக் காசுக்கு வெளியில ஒரு விலை, ஏர்போர்ட்டுல இந்தக் கண்ணாடிக்குப் பின்னால ஒரு விலை. டை கட்டியிருக்கான் இல்ல, அதனால பறிகுடுத்துட்டு நாம தேங்க்ஸும் சொல்லிட்டு வரணும்.

கையில இருக்கிற அத்தனையையுமா மாத்தப் போற? ஐயய்யோ. கொஞ்சமா மாத்திக்கோ. இறங்கினதும் பஸ்ஸுக்கு, ஒரு தண்ணி பாட்டிலுக்கு, அவ்ளோதான். மிச்சத்துக்குக் கார்டு இருக்கா? கம்பெனியில குடுத்தாங்களா, நல்லதாப் போச்சு. பேங்குக்குச் சொல்லிட்டியா, வெளிநாடு போறேன்னு? சொல்லலையா? இப்பவே சொல்லிரு. வரிசை நகர்ற லட்சணத்துக்கு இங்க நின்னுக்கிட்டே சொல்லலாம். முன்னாடி ஒருத்தர் நோட்டை ஒவ்வொண்ணா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கிறாரு பாரு, அவரு முடிக்கிறதுக்குள்ள நீ பேங்க் மேனேஜரோட குடும்பத்தையே நலம் விசாரிச்சிரலாம்.

நானா? நான் பேங்க்லயெல்லாம் இல்லம்மா. ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை. இதெல்லாம் எங்க வீட்டுக்காரர்கிட்ட கத்துக்கிட்டது. நான் ஊசி குத்தி எடுப்பேன், அவரு ஊசி இல்லாமலே எடுப்பாரு.

அவரு கடை கடையாப் போய் தராசு சோதிக்கிற இன்ஸ்பெக்டரா இருந்தாரு. இப்போ ரிட்டயர்டு. ஆபீஸ்ல அவருக்குப் பேரே தராசுதான். சொந்தக்காரங்களும் அப்படித்தான் கூப்பிடறது. தராசு வந்திருக்காரா, தராசு சாப்பிட்டாரான்னு. அவரைப் பொறுத்தவரைக்கும் உலகத்துல இருக்கிற கடைக்காரன் எல்லாம் ரெண்டே வகை, பிடிபட்ட திருடன், பிடிபடாத திருடன். கல்யாண மோதிரத்தை என் விரல்ல போடறதுக்கு முன்னாடி உள்ளங்கையில வச்சு ஒரு தூக்கு தூக்கிப் பார்த்தாரு. நான் அப்பவே உஷாராகியிருக்கணும். வெக்கத்துல தலையைக் குனிஞ்சிருந்தேன், என்ன பண்றது.

ஒரே பொண்ணு எங்களுக்கு. வெளிநாட்டுல மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பண்ற கம்பெனியில இருக்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அம்மா அப்பா ரெண்டு பேரும் வாங்கன்னு அவளே டிக்கெட் போட்டு அனுப்பினா. எனக்குக் கண்ணுல தண்ணி. அவருக்கு, இதுல கன்வீனியன்ஸ் சார்ஜுன்னு ஒண்ணு போட்டிருக்கானே, யாரோட கன்வீனியன்ஸுக்குன்னு கேள்வி.

நான் ஸ்வெட்டர் தேடறேன், அவரு பேங்க் பேங்கா ஏறி இறங்கறாரு. வெளிநாட்டுல கார்டு தேய்ச்சா நூத்துக்கு எவ்வளவு எடுப்பீங்க, எதுக்கு எடுப்பீங்க, யாரைக் கேட்டு எடுக்கிறீங்க. ஒரு பேங்க்ல இவரு தலை தெரிஞ்சாலே அந்த மேனேஜர் அம்மா மீட்டிங்குக்குப் போயிருவாங்க. கடைசியில முன்கூட்டியே பணம் போட்டு வைக்கிற கார்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. அதைத் துணியில சுத்தி சட்டை உள்பாக்கெட்ல வச்சுக்கிட்டு மாரடைப்புக்காரர் மாதிரி நெஞ்சைத் தடவிக்கிட்டே திரிஞ்சாரு. எனக்கு ரெண்டு நோட்டு குடுத்து, அவசரத்துக்கு மட்டும் எடுன்னாரு. அவசரம்னா என்னங்கன்னு கேட்டேன். மயக்கம் போட்டு விழுந்தா அவசரம்னாரு. மயக்கம் போட்டு விழுந்தவ எப்படிங்க பர்ஸைத் திறப்பேன்னேன். அதனாலதான் சொல்றேன், திறக்காதன்னாரு.

சிரி சிரி. கூட இருந்து பார்க்கணும் நீ.

அங்க போனதும் ஒண்ணு கவனிச்சுக்கோ. கடையில கார்டை வச்சா அந்த மெஷின் ரொம்ப மரியாதையா ஒரு கேள்வி கேக்கும். உங்க ஊர்க் காசுல கட்டறீங்களா, எங்க ஊர்க் காசுல கட்டறீங்களான்னு. நம்ம ஊர்க் காசைப் பார்த்ததும் நமக்குப் பாசம் பொங்கும். அமுக்கிடாத. அவங்க இஷ்டத்துக்கு ஒரு ரேட் போட்டு எடுத்துக்குவாங்க. அந்த ஊர்க் காசுன்னுதான் அமுக்கணும். நான் ஒரு மருந்துக்கடையில இதுல மாட்டப் பார்த்தேன். கால்ல கொப்புளம், பிளாஸ்திரி வாங்கப் போனோம். அதிசயமா கார்டை என் கையில குடுத்திருந்தாரு. நான் எந்தப் பட்டன்னு யோசிக்கிறதுக்குள்ள பின்னாலருந்து பாய்ஞ்சு, ரெண்டு கையையும் என் தோளுக்கு மேல விட்டு, நோ நோன்னு கத்திக்கிட்டே அமுக்கினாரு பாரு. கல்லாவுல இருந்த பொண்ணு கொள்ளைக்காரன் வந்துட்டான்னு நினைச்சு கையைத் தூக்கிட்டா. பாவம்.

கொப்புளம் எப்படி வந்துச்சுன்னு கேக்கலையே. ஏடிஎம் தேடித்தான். அந்த ஊர்ல பெரிய ஆறு இருக்காம், அதுக்கு மேல பாலமாம், அரண்மனையாம். நான் பார்த்ததெல்லாம் ஏடிஎம். சுவத்துல பதிச்ச ஏடிஎம், கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஏடிஎம், ரயில்வே ஸ்டேஷன் ஏடிஎம். பணம் எடுத்தா அந்த மெஷின்காரன் ஒரு கட்டணம் எடுப்பான், நம்ம பேங்க் ஒரு கட்டணம் எடுக்கும். ஏதாவது ஒரு மெஷின் மட்டும் எடுக்காம விட்டுரும்னு இவருக்கு ஒரு நம்பிக்கை. சிலருக்கு கடவுள் மேல இருக்கும் இல்ல, அந்த மாதிரி. ஒவ்வொரு மெஷின்லயும் கொஞ்சூண்டு பணம் எடுக்கிறது, சீட்டைப் பார்க்கிறது, இவனும் திருடன்னு சொல்லிட்டு அடுத்த தெருவுக்கு நடக்கிறது. பின்னாலயே நான், நொண்டிக்கிட்டு. ஒரு நாள் முழுக்க நடந்து, நடக்க முடியாம டாக்ஸி பிடிச்சு வீட்டுக்கு வந்தோம். டாக்ஸிக்குக் குடுத்ததுல பத்து ஏடிஎம்முக்குக் கட்டணம் கட்டியிருக்கலாம். அவருகிட்டயே சொன்னேன். அது போக்குவரத்துச் செலவு, கணக்குல தலைப்பு வேறன்னுட்டாரு.

ஒண்ணு சொல்லணும், மனுஷன் அப்படி சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்ல. ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் ஒரு நாட்டையே சோதிக்கக் குடுத்த மாதிரி.

மறுநாள் மத்தியானம் பொண்ணு எங்களை ஒரு ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போனா. ஃப்ரெண்ட் ஒருத்தர் வருவாருன்னா. வந்தான். அந்த ஊர்ப் பையன். லிஃப்ட் மெக்கானிக். நல்ல உயரம், கையைத் தேய்ச்சுக் கழுவிட்டு வந்திருக்கான், ஆனா நகத்தோரத்துல கிரீஸ் அப்படியே இருக்கு. என்னைப் பார்த்து அத்தைன்னான். எனக்கு அந்த ஒரு வார்த்தையிலயே விஷயம் புரிஞ்சு போச்சு. அவ சொல்லிக் குடுத்திருக்கா. அவனுக்குத் தெரிஞ்ச இன்னொரு தமிழ், சாப்டீங்களா. சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்போதும் சாப்டீங்களா, தண்ணி குடிச்சா சாப்டீங்களா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல.

இவரு என்ன பண்ணாருன்னு கேளு. உன் லிஃப்ட்ல எவ்ளோ எடை ஏத்தலாம்னு ஆரம்பிச்சாரு. அந்த எடையை யாரு சோதிக்கிறது, எதை வச்சு சோதிக்கிறதுன்னு. பொண்ணு மொழிபெயர்க்குது, அவன் டிஷ்யூ பேப்பர்ல லிஃப்டு, கம்பி, எதிர்ப்பக்க எடைக்கல்லு எல்லாம் படம் போட்டுக் காட்டறான். இவரு பேனாவைப் பிடுங்கி அதுலயே திருத்தம் போடறாரு. ரெண்டு பேரும் தலையை ஒட்டி வச்சுக்கிட்டு அரை மணி நேரம். பொண்ணு மேஜைக்குக் கீழ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஜில்லுன்னு இருந்துச்சு அவ கை. எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும்னு நினைச்சோம்மா.

பில்லு வந்துச்சு.

நான் பெரியவன், நான்தான் குடுப்பேன்னு எடுத்தாரு கார்டை. ஆமா, இவரேதான். எனக்கே ஆச்சரியம். அந்தப் பையனைப் பிடிச்சுப் போச்சுன்னு அதுலயே தெரியுது இல்ல? மெஷின்ல வச்சாங்க. கார்டு செல்லாதுன்னுச்சு. துடைச்சு வச்சாங்க. செல்லாது. இன்னொரு மெஷின் கொண்டு வந்தாங்க, அதுலயும் செல்லாது. பக்கத்து மேஜைக்காரங்க எல்லாம் கரண்டியைக் கீழ வச்சுட்டுத் திரும்பிப் பார்க்கிறாங்க. ஏன்னு கேக்கறியா? முந்தின நாள் மெஷின் மெஷினாப் போய் கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாரு இல்ல, கார்டைத் திருடினவன்தான் அப்படி எடுத்துப் பார்ப்பானாம். பேங்க்ல பூட்டிட்டாங்க. வாழ்நாள் பூரா திருடனைப் பிடிச்ச மனுஷனை அவரோட பேங்கே திருடன்னு முடிவு பண்ணிருச்சு.

பொண்ணு பையைத் துழாவறா. அதுக்குள்ள அந்தப் பையன், கை கழுவப் போற மாதிரி எழுந்து போய், சத்தமில்லாம பணத்தைக் கட்டிட்டு வந்து உக்காந்துட்டான். மரியாதையாத்தான் பண்ணான், பாவம். அதுதான் இவருக்கு ஆகல. எவனாவது ஏமாத்தினா இவருக்கு என்ன பண்ணணும்னு தெரியும், நோட்டீஸ் குடுப்பாரு. நல்லது பண்ணா என்ன பண்றதுன்னு தெரியாது.

பொண்ணு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினதும் ஆரம்பிச்சுது. எனக்குப் பிச்சை போட்டுட்டான்னாரு. அப்பா, நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம், அதுக்குத்தான் வரச் சொன்னேன்னு அவ சொன்னா. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காசு கட்டிட்டு என் பொண்ணை எடுத்துட்டுப் போகப் பார்க்கிறானான்னாரு. அவ அழுவான்னு பார்த்தேன். அழலம்மா. சின்ன வயசுலருந்து உங்க தராசுல ஏறி நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குதுப்பா, இனிமே ஏற மாட்டேன்னா. அப்போ உனக்கு அப்பா இல்லன்னு சொல்லிட்டு, உடனே போனை எடுத்து எங்க டிக்கெட்டை மறுநாளைக்கு மாத்தச் சொல்லிட்டாரு. தேதி மாத்தறதுக்குத் தனியா அபராதம் உண்டுன்னு அந்தப் பக்கம் சொல்றாங்க. எவ்வளவுன்னு கூட இவரு கேக்கல. எடுத்துக்கோங்கன்னாரு. அப்பத்தாம்மா எனக்குப் பயமே வந்துச்சு.

அதோட சரி. அவ போன் பண்ணா இவரு மொட்டை மாடிக்குப் போயிருவாரு, தொட்டியில தண்ணி இருக்கான்னு பார்க்க. அவ்ளோ அக்கறையாத் தண்ணித் தொட்டியைக் கவனிச்ச குடும்பம் எங்க தெருவுலயே கிடையாது. ஆனா ஒண்ணு. காலையில பேப்பர் வந்ததும் முதல் வேலையா அந்த நாட்டுக் காசு இன்னிக்கு என்ன ரேட்டுன்னு பார்ப்பாரு. சத்தம் போட்டு வேற படிப்பாரு. ஏறியிருக்கு, இறங்கியிருக்குன்னு. போகவும் மாட்டாரு, பேசவும் மாட்டாரு, அந்த நாட்டுல இவருக்கு என்ன கொள்முதல் இருக்கு சொல்லு? நானும் கேக்கறதில்ல. ம்னு மட்டும் சொல்லுவேன்.

என்னது? இவ்ளோ பேசிட்டு நீங்க எதுக்கு இந்தத் திருடன்கிட்ட நிக்கறீங்கன்னா? நியாயமான கேள்வி. நான் மொத்தத்தையும் இங்கதான் மாத்தப் போறேன். காதுத் தோட்டை வித்த காசு. கார்டும் வச்சிருக்கேன், என் சம்பளம் விழுற கணக்குதான், ஆனா தேய்ச்சா மெசேஜ் அவரு போனுக்குப் போகும். சம்பாதிக்கிறது நான், சேதி அவருக்கு. அவரு கணக்குப்படி நான் இப்போ தங்கச்சி வீட்டுல இருக்கேன், முட்டி வலிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு. அவரேதான் வந்து பஸ் ஏத்தி விட்டாரு. கண்டக்டர் மிச்சம் குடுக்கலேன்னா விட்டுடாதன்னு ஜன்னல் வழியா புத்தி வேற.

கல்யாணத்துக்குத்தாம்மா போறேன். நாளன்னிக்கு, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல. அவ அப்பாவுக்குப் பத்திரிகை அனுப்பினா, வந்த கவர் பிரிக்காமலே திரும்பிப் போச்சு. சரி, நான் போறேன்னு கிளம்பிட்டேன். கையெழுத்துப் போடற வரைக்கும் கார்டை வெளியிலயே எடுக்க மாட்டேன். போட்டு முடிச்சதும் ஒரே ஒரு தடவை, பக்கத்துல என்ன கடை இருக்கோ அங்க தேய்ப்பேன். ஊர் பேரு, கடை பேரு, கட்டணம் எல்லாம் போட்டு அவருக்குப் போயிரும். பொண்ணுக்காக ரெண்டு வருஷமாப் போனைத் தொடாத மனுஷன், கட்டணத்துக்காக அடுத்த நிமிஷம் எனக்குப் போன் அடிப்பாரு, பாரு. நான் எடுக்க மாட்டேன். அவ கையிலதான் குடுப்பேன். என்ன சொல்லுவாரோ தெரியல. முதல்ல எவ்வளவு பிடிச்சான்னுதான் கேப்பாரு. கேக்கட்டும். அவளுக்கு அந்தக் குரல் கேக்கும் இல்ல.

போம்மா, உன்னைத்தான் கூப்பிடறான். கொஞ்சமா மாத்து.