விதிப்படி அது இயந்திரம்

உட்காருங்கள், தம்பி. அந்த நாற்காலி ஆடும், ஆனால் விழாது. என் மகளைக் கட்டிக்கொண்டவர் முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். நின்றுகொண்டே கோபப்படுவது சிரமம். அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை, பார்த்தேன். இருக்கட்டும்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். என் தொழிலிலிருந்து தொடங்கினால்தான் புரியும். இணையதளத்துக்கு வருகிறவர்களைத் தரம் பிரிப்பது என் வேலை. தேடி வந்தவரா, விளம்பரத்தைத் தொட்டு வந்தவரா, முகவரியை மனப்பாடமாக அடித்து வந்தவரா என்று பார்ப்பேன். பிறகு, வந்தது மனிதரா, மனிதர்போல நடிக்கும் இயந்திரமா என்று பார்ப்பேன். ஒரு செருப்புக் கடையின் தளத்துக்கு ஒரு வாரம் ஊரே திரண்டு வந்தது. முதலாளி ஆபீஸ் முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டார். "இதுல ஒருத்தருக்கும் காலே கிடையாது சார்" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

மகள் உங்களோடு போன பிறகு என் மனைவி தையல் சொல்லித்தரும் தளம் ஒன்று வேண்டும் என்றாள். அமைத்துக் கொடுத்தேன். காஜா எடுப்பது, கழுத்து வெட்டுவது என்று வீடியோ போட்டாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காலையில் டீயை வைக்கும்போது மட்டும் கேட்பாள்.

"ஏங்க, யாராவது வந்தாங்களா?"

"வந்துச்சு. எல்லாம் மெஷினுங்க."

"மெஷினாவது கத்துக்குதே. இந்த வீட்லயும் ஒண்ணு இருக்கு, ஊசியில நூல் கோக்கத் தெரியாது."

உங்கள் ஊரிலிருந்து ஒரு வருகை வர ஆரம்பித்தது. முகவரியை நேராக அடித்து வரும். குழந்தைக் கவுனுக்குச் சுருக்கு வைக்கும் பாடத்தை மட்டும் திறக்கும். அதில் ஓர் இடத்தில் என் மனைவி, தைத்து முடித்த கவுனைத் தன் தோளிலேயே வைத்து அளவு பார்த்துச் சிரிப்பாள். அங்கே நிற்கும். பின்னால் ஓட்டும். மறுபடி அந்தச் சிரிப்பு. வேறு எதையும் தொடாது. காரணமில்லாமல் செய்ததையே செய்தால், விதிப்படி அது இயந்திரம். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு பெயரில்லாமல் ஒரு செய்தி வந்தது. "அம்மா, சுருக்கு இழுத்துக்கிட்டே போகுது. பாப்பாவுக்குக் கழுத்துல உறுத்துது. எப்படிம்மா சரி பண்றது?"

இயந்திரத்துக்குப் பாப்பா இருக்காது. அது எனக்குத் தெரியும். செய்தியை அழித்தேன். உங்கள் வீட்டு இணைப்பைத் தடுத்தேன். அதன் பிறகு மகள் திறந்தபோதெல்லாம் 'உங்களுக்கு இங்கே அனுமதி இல்லை' என்று வந்திருக்கும். அம்மாவே கதவைச் சாத்திவிட்டாள் என்று நினைத்து அழுதாள் என்கிறீர்கள். இருக்கலாம். அந்த வாசகம் தளத்தோடு வந்தது, நான் எழுதியதில்லை.

என் மனைவிக்கு நெஞ்சு பலவீனம். அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சந்தோஷமும் அதிர்ச்சிதானே. தவிர, பேத்தி இருப்பது தெரிந்தால் அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். திரும்பி வருவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இந்த வீட்டில் நானும் ஒருவன் இருக்கிறேன் அல்லவா.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு அதையே கேட்டாள்.

"யாராவது வந்தாங்களா?"

"இல்ல."

"வழி தெரியலையோ என்னமோ. நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் போன பிறகு தடையை எடுத்துவிட்டேன். சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான். இதை என் மகளிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தளத்துக்கு ஒரே ஒரு வருகைதான். அதே கவுன் பாடம். சிரிக்கும் இடத்தில் நிற்கிறது, பின்னால் ஓட்டுகிறது, மறுபடி நிற்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த ஆடுகிற நாற்காலியிலிருந்துதான் ராத்திரியில் வருகிறது. விதிப்படி அது இயந்திரம். அதற்குப் போக வேறு இடமில்லை என்பதால் தடுக்காமல் விட்டுவைத்திருக்கிறேன்.