மணி சொல்லிவிட்டுப் போனவள்

காலை பத்து நாற்பது. படியில் இறங்குகிறோம். போர்வையின் தலைப்பக்கம் என் கையில். கால்பக்கம் மல்லிகாவின் கையில். நடுவில் தொடை எலும்பு முறிந்த ஒருவர். முதல் குண்டு தெருவுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. முதலில் ஒரு சீழ்க்கை. இரண்டு விநாடி ஒன்றுமில்லை. பிறகு தரை ஆடியது. இரண்டாவது குண்டு மருத்துவமனைச் சுவரில். கண்ணாடி உடைகிற சத்தம் நின்றபாடில்லை. நான் நின்றுவிட்டேன்.

"இன்னாடி நின்னுகினு கீறே! எறங்கு! எறங்குடி!"

கத்தியது மல்லிகா. என்னோடு படித்தவள். என்னோடு விமானம் ஏறியவள். அந்த ஊரிலேயே மெட்ராஸ் பாஷை பேசிய ஒரே ஆள்.

நாட்டின் பெயரை எழுத மாட்டேன். அங்கே இன்னும் நம் பெண்கள் டியூட்டி பார்க்கிறார்கள். கிழமையை மட்டும் சொல்கிறேன். வியாழன்.

குண்டு வீசப் போகிறார்கள், வார்டைக் காலி செய்யுங்கள் என்று உத்தரவு வந்திருந்தது. இரண்டாம் மாடி வார்டில் ஒன்பது பேர். யாராலும் நடக்க முடியாது. ஒவ்வொருவராகத்தான் தூக்க வேண்டும். கிளம்பும் முன் மல்லிகா ஏழாம் கட்டில் யூசுப்பிடம் விரலை விரித்து மூன்று முறை காட்டினாள். பதினைந்து நிமிடம். வருகிறேன். நானும் மூன்று பேரிடம் சொன்னேன். தாவூத். கரீம். இத்ரீஸ். அவர்களுக்கும் அதே பதினைந்து நிமிடம்தான்.

அடித்தளத்தில் இருட்டு. சுமார் எழுபது பேர். டாக்டர் கத்துகிறார், யாரும் மேலே போகக் கூடாது. பத்து ஐம்பத்திரண்டு. மல்லிகா வாட்சைப் பார்த்தாள். எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வுடுடி. டைம் சொல்லிக்கீறேன். பாத்துகினு இருப்பாரு."

விட்டேன். நான் எழுந்திருக்கவில்லை. கால் வரவில்லை என்று சொல்லலாம். பொய். கால் வந்தது. நான்தான் போகவில்லை. பத்து ஐம்பத்தைந்து. மூன்றாவது குண்டுக்குச் சீழ்க்கை கேட்கவில்லை. விழுந்த இடம் இரண்டாம் மாடி.

நேரம் சொல்லிவிட்டுப் போகும் இந்தப் பழக்கம் எங்களுக்கு எங்கே வந்தது என்று சொல்ல வேண்டும். கிழக்குத் தாம்பரத்தில் வந்தது. நர்சிங் பள்ளியில். எஸ்தர் மேடத்திடம்.

முதல் வருடம். வார்டு போஸ்டிங். கர்ப்பப்பை அறுவை முடிந்த ஒரு அம்மா பெட்பான் கேட்டார். "இதோ வரேன்மா" என்றேன். நம் ஊரில் யார்தான் போகிறேன் என்று சொல்கிறார்கள். வாயில் வருகிற சொல்தானே. கேன்டீனுக்குப் போனேன். மறந்தே போனேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் எஸ்தர் மேடம் அந்த அம்மாவுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறார். ஈரம் மேடத்தின் புடவையிலும் பட்டிருக்கிறது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த அம்மாவைக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கோங்கம்மா. வரேன்னு சொன்னது என் பொண்ணு. அவ வராதது என் தப்பு."

திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். எனக்கு இன்றும் அந்த இடத்தில் காது சூடாகிறது. மறுநாள் வகுப்பில் சொன்னார். "வரேன்னு சொன்னா மணி சொல்லுங்க. மணி சொன்னா வந்துடுங்க. படுத்திருக்கவங்களுக்கு வாசலப் பாக்கறதத் தவிர வேற என்ன வேலை இருக்கு?"

மல்லிகா மீனவர் குப்பத்துப் பெண். அவள் அம்மா காசியம்மா மேடவாக்கத்தில் மீன் விற்பவர். மல்லிகா டிபன் பாக்ஸைத் திறந்தால் பக்கத்துப் பெண்கள் தள்ளி உட்காருவார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். எஸ்தர் மேடம் வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தார். வறுத்த மீனைக் கேட்டு வாங்கித் தின்றார். மறுநாளும் கேட்டார். அதன் பிறகு மேடம் சொன்ன எதையும் மல்லிகா மீறியதில்லை.

மல்லிகாவின் பெட்டி ஆணியடித்து ஊர் வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள். காசியம்மாவிடம் நான் ஒரு கதை சொல்லி வைத்திருந்தேன். என் பக்கத்தில்தான் இருந்தாள், கூரை இடிந்தது, வலி தெரிந்திருக்காது. பதினாறாம் நாள் காரியத்துக்கு எஸ்தர் மேடம் கோவிலம்பாக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்தார். காசியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க பொண்ணு மாதிரி ஒருத்திய நான் பாத்ததில்ல என்றார்.  எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"நீங்க சொன்னதாலதான் போனா மேடம்! கீழ வந்துட்டா! திரும்பிப் போனா! நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குத்தான் போனா!"

 காசியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேடத்திடம் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"தோ இவ வந்துட்டாளே. இவளுக்கு நீ சொல்லிக் குடுக்கலியா?"

"குடுத்தேம்மா. இவ செஞ்சதுதான் சரி. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு."

"எய்ந்து போ."

மேடம் எழுந்து போனார். செருப்பைப் போட மறந்து மணலில் நடந்தார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

இரண்டு மாதம் அவர் வகுப்புக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். சாப்பிடுவதுமில்லை என்றார்கள். பிறகு ஒரு மாலை போன் வந்தது. மேடவாக்கம் ஜங்ஷனில் தண்ணீர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். ஒன்றே ஒன்று கேட்டார். மல்லிகா அந்தப் பேஷண்ட்கிட்ட போய்ச் சேர்ந்தாளா? கையையாவது பிடிச்சாளா?

"பிடிச்சிருந்தா மேடம். ரெண்டு பேரையும் அப்படியேதான் எடுத்தாங்க."

அவர் அழுத அழுகையை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் ஏன் அப்படிச் சொன்னேன்? அழுகிறவருக்கு ஆறுதல் சொல்லாமல் நகரக் கூடாது என்று கற்றுக் கொடுத்ததும் அவர்தான்.

நடந்தது இது. மதியம் ஒன்றரைக்கு இடிபாட்டை விலக்கினார்கள். ஏழாம் கட்டிலின் காலைப் பிடித்தபடி மல்லிகா. கட்டிலில் ஆள் இல்லை. யூசுப்பை வார்டு ஊழியர்கள் பின்படி வழியாக முன்பே இறக்கிவிட்டார்கள். மல்லிகா எழுந்தபோது அவர் அதே அடித்தளத்தில் இருந்தார். தூணுக்குப் பின்னால். எங்களுக்குப் பன்னிரண்டு அடி தள்ளி. நான் அவரைப் பார்த்தது பதினொன்று இருபதுக்கு. படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்தர் மேடம் மறுபடி வகுப்புக்குப் போனார். நான் சொன்ன பொய்யை ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்கிறார். மல்லிகா சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள், கையைப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் அழுகிறார்கள். நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு விசாவுக்கு எழுதிப் போடுகிறார்கள்.

மேடவாக்கத்தில் நான் வேலை செய்யும் மருத்துவமனைக்குப் பிரியா அந்தக் கதையோடுதான் வந்தாள். மேடத்தின் மாணவி. அப்பா திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறார். வந்து பத்தாம் மாதம் வெளிநாட்டு வேலைக்கு ஆர்டர் வந்தது. அதே நாடு. லட்டு கொண்டுவந்து நீட்டினாள். "நானும் மல்லிகா அக்கா மாதிரி இருப்பேன்க்கா" என்றாள்.

அவளை மருந்து அறைக்கு இழுத்துப் போனேன். கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். காலிக் கட்டிலை. தூணை. பன்னிரண்டு அடியை.  போகாதே என்றேன். போனால், குண்டு விழுந்தால், சொன்னதை மறந்துவிட்டு ஓடு என்றேன். அவள் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அவர் பெட்லயே இருந்திருந்தா என்னக்கா பண்றது?"

கதவைத் திறந்துவிட்டேன். மேடத்திடம் உண்மையை இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

இழப்பின் எண்ணிக்கை இது. வார்டில் ஒன்பது பேர். இறக்கப்பட்டவர்கள் நான்கு. மாடியிலேயே செத்தவர்கள் ஐந்து. அதில் என்னை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் மூன்று. தாவூத். கரீம். இத்ரீஸ். மல்லிகா, வயது இருபத்தாறு. காசியம்மா இப்போது மீன் கூடையைத் தூக்குவதில்லை. யூசுப் பிழைத்துவிட்டார். பிரியா ஞாயிறு காலை விமானம் ஏறினாள். அவளை இதில் இன்னும் சேர்க்கவில்லை.