ஐந்தாவது கிடா

– வீரையாண்ணே, மறுபடி ஒருக்கா நெனச்சுச் சொல்லுங்க. இங்கன மொத்தம் எத்தனை கிடா?

– நாலு, தாயி. மூணு வருசமா இதத்தான் கேக்குற. நாலு பட்டி, பட்டிக்கு ஒரு கிடா. நீ காதுல நம்பர் மாட்டுனதும் நாலுதான்.

– அப்ப ரத்தம் ஏன் அஞ்சுன்னு சொல்லுது?

– ரத்தம் பேசுதாக்கும்?

– பேசுது. போன மாசம் அறுபது குட்டிக்கு ரத்தம் எடுத்துட்டுப் போனேன்ல. அதுல முப்பத்தெட்டுக்கு இந்த நாலுல எதுவுமே அப்பன் இல்ல. அந்த முப்பத்தெட்டுக்கும் ஒரே அப்பன். அவன் யாருன்னுதான் கேக்குறேன்.

– மெதுவாக் கேளு, குட்டிக காதுல விழுந்துறப்போகுது.

– சிரிக்காதீகண்ணே.

– சரி, சிரிக்கல. நானும் ஒண்ணு கேக்குறேன். லாமியா டாக்டரம்மா வந்துட்டாகன்னு மாரியூரே சொல்லுது. ஆட்டுக் கழிச்சலுக்கு ஒரு மருந்து சொல்லத் தெரியல ஒனக்கு. தூக்குற, நிறுக்குற, எழுதுற, போயிர்ற. என்னதான் கண்டுபிடிக்கிற?

– நான் கணக்கு டாக்டர்ணே. அதுவும் இன்னும் ஆகல. ஒரு குட்டி எடை போடுதுன்னா, அதுல அப்பன் ஆத்தா தந்தது எவ்வளவு, மேய்ச்சல் தந்தது எவ்வளவுன்னு பிரிக்கணும். மொத வருசம் அருமையா வந்துச்சு. மூணாம் நம்பர் கிடாயோட குட்டிகதான் முன்னாடி நின்னுச்சு.

– அது எனக்குக் கண்ணாலயே தெரியுமே.

– ரெண்டாம் வருசத்துல இருந்து பூச்சியம். எந்தக் கிடாயோட குட்டியப் பாத்தாலும் ஒண்ணு போல நிறுக்குது. அப்பன் யாரா இருந்தா என்னன்னு சொல்லுது கணக்கு. எங்க கைடு என்ன நெனைக்காரு தெரியுமா? நான் கீழக்கரையில வீட்டுல உக்காந்தே நோட்ட நிரப்பிட்டேனாம். திங்கக்கெழம பதில் சொல்லணும். இல்லாட்டி மூணு வருசமும் குப்பைக்கு.

– நீ வெயில்ல கருகுனது எனக்குத் தெரியாதா? நான் வந்து சாட்சி சொல்றேன்.

– வந்தும் நாலுன்னுதான சொல்லுவீக. வெளிக்கிடா எதுவும் உள்ள புகுதா?

– உடைமுள்ளு வேலி, தாயி. நாயி கூட நுழையாது. நாமளாப் படலத் தொறந்து விட்டாத்தான் உண்டு.

– தொறந்து விடுவீகளா?

– தொறப்போம். அதுக்கு மட்டும்.

– எதுக்கு?

– அந்தா, கருவேல மரத்தடியில படுத்திருக்குல்ல. கழுத்துல பச்சத் துணி.

– அது காயடிச்சதுன்னுல்ல நெனச்சேன். கறிக்கு வளக்குறீகன்னு.

– வாயக் கழுவு. அது நேந்த கிடா. நேந்ததக் காயடிப்பாகளா? அதக் கட்டக்கூடாது, அடைக்கக்கூடாது, காதுல ஓட்டை போடக்கூடாது. எந்தப் பட்டி வாசல்ல போயி நிக்குதோ, அந்தப் படலத் தொறந்துரணும்.

– நாலு பட்டியிலயுமா?

– அதுக்கு எங்க இஷ்டமோ அங்க.

– பின்ன ஏண்ணே என்கிட்ட நாலுன்னு சொன்னீக?

– எங்க கிடா நாலுதான தாயி. அது எங்களுது இல்லையே. நேந்த அன்னைக்கே குடுத்தாச்சு. குடுத்தத நம்ம கணக்குல சேப்பாகளா?

– யா அல்லா. அது எப்பப் பொறந்துச்சு?

– நீ வந்த மொத வருசம். மூணாம் நம்பரோட மகன். நீ அந்த ஈத்துக் குட்டிகளுக்குக் காது குத்த வாரதுக்கு முன்னாடியே நேந்துட்டோம்.

– அதான் நாலு பட்டிக் குட்டியும் ஒண்ணு போல நிறுக்குது. கணக்கு தப்பில்ல, நானும் பொய் எழுதல. அண்ணே, அதுகிட்ட ஒரு சொட்டு ரத்தம் எடுத்தா எல்லாத்தையும் திருத்திருவேன்.

– ஊசி படக்கூடாது.

– சரி, நாலு மயிரு வேரோட போதும்.

– அத நான் சொல்ல ஏலாது, நேந்தவ சொல்லணும். ஏ கருத்தம்மா, இங்கன வா. நம்ம லாமியாவுக்கு நேந்த கிடா மயிரு வேணுமாம்.

– எதுக்காம் புள்ள?

– அக்கா, என் படிப்பே ஒங்க கிடாயால கவுந்து கெடக்கு. அப்படி யாருக்காக நேந்து விட்டீக?

– காரியம் முடியுமுன்ன சொல்லாத, கருத்தம்மா.

– கேக்குறது அவளாச்சேய்யா, எப்படிச் சொல்லாம இருக்க? ஏர்வாடி தர்காவுக்குப் புள்ள. வேத்தூருப் பொண்ணு வெயில்ல வந்து ஆடு நிறுக்குதே, அது படிப்பு நல்லபடியா முடியட்டும்னு நாந்தான் ஒனக்காக நேந்து விட்டேன்.